வண்டி வருவதற்குள் ஒரு பூனைக்குட்டி

எனக்கு மிருகங்களிடம் ஒரு ராசி உண்டு என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருந்தது. அந்த ராசியை உள்ளங்கை அகலமே இருந்த ஒரு பூனைக்குட்டி பத்து நாளில் பரிசோதித்து முடித்தது.

எண்பதுகளின் நடுவில் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான், என் மனைவி, மூன்றாம் வகுப்புப் படித்த எங்கள் மகள். எனக்கு இரும்பு கடையும் லேத்தில் வேலை. வீடு சின்னது. பின்பக்கம் கொஞ்சம் மண்தரை, அதன் ஒரு மூலையில் குளியலறை, எதிர் மூலையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சைக்கிள் ஷெட்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. இயற்றியவள் என் மனைவி. வேலையிலிருந்து வரும் நான் முன்வாசல் வழியாக உள்ளே நுழையக் கூடாது. பக்கத்துச் சந்து வழியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் வந்து நேராகக் குளியலறைக்குள் போக வேண்டும். லேத்தில் ஊற்றுகிற எண்ணெயும் இரும்புத் தூளும் வியர்வையும் கலந்த வாடை என் யூனிபாரத்தில் எப்போதும் உண்டு. அது அவளுக்கு ஆகாது.

"மெஷினோட குடித்தனம் நடத்தவா எங்கப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரு?" என்பாள்.

சந்தன சோப்பு போட்டுக் குளித்து, பவுடர் பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் காபி. கிழிந்துபோன பழைய யூனிபாரங்களுக்கு வீட்டுக்குள் இடமே கிடையாது. அவற்றைச் சைக்கிள் ஷெட்டில் ஒரு மரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். சைக்கிளுக்கு எண்ணெய் போடும்போது துடைக்க ஆகும்.

அந்தப் பெட்டியில்தான் ஒரு தெருப்பூனை மூன்று குட்டி போட்டது. ஒரு மாதம் கழித்து இரண்டு குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு எங்கோ போனது. மூன்றாவதை எடுக்க வரவேயில்லை. கணக்கில் கொஞ்சம் பலவீனமான தாய் போலிருக்கிறது.

விடப்பட்ட குட்டி சாம்பல் நிறம். ஒரு முன்னங்காலில் மட்டும் வெள்ளை, ஒரு சாக்ஸைத் தொலைத்துவிட்டு மிச்ச ஒன்றோடு பள்ளிக்கூடம் கிளம்பியது போல. பார்க்கத்தான் பாவம். கிட்டே குனிந்தால் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு சீறும். ஒரு சீறலுக்கு உடம்பு முழுவதும் செலவாகி, பின்னங்கால் தடுமாறி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகும் சீறும்.

"அப்பா, இது நம்ம பூனைதானே?" என்று மகள் கேட்டாள்.

"நம்ம பூனைன்னு அதுக்குத் தெரிய வேணாமா?" என்றாள் என் மனைவி.

தெரிய வைக்கிறேன் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

சரியாக அந்த வாரத்தில், வருஷக்கணக்காகக் காத்திருந்த பெரிய குவார்ட்டர்ஸ் எங்களுக்கு ஒதுக்கப்பட்டது. தொழிற்சாலை எஸ்டேட்டின் மறுகோடியில், இரண்டு மைலுக்கு அப்பால். பத்து நாளில் இந்த வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். உத்தரவு வந்த அன்று மாலையே, அடுத்து வரப்போகிறவர் வீட்டைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார். அவர் கையில் ஒரு கயிறு இருந்தது, கயிற்றின் மறுமுனையில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு நாய்.

"ரொம்ப கெட்டிக்காரன் சார் இவன். எலி, பூனை எதையும் காம்பவுண்டுக்குள்ள விடமாட்டான்" என்று பெருமையாகச் சொன்னார். நாய் அதற்குள் ஷெட்டைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் போனதும் மகள் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாள்ல பழக்கிடுவீங்கல்லப்பா?"

"பத்து எதுக்கு? அஞ்சே நாள்ல என் மடியில உக்காரும் பாரு."

இதே சவாலைத் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து லேத்துக்காரனிடமும் விட்டேன். அவன் முத்தாபுதுப்பேட்டை பக்கத்து விவசாயக் குடும்பம். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுச் சைக்கிள் மிதித்து வேலைக்கு வருகிறவன். வீடு மாற்ற அவன் மாட்டுவண்டியைத்தான் கேட்டிருந்தேன்.

மறுநாள் மாலை வேலையை ஆரம்பித்தேன். எப்போதும்போல் குளித்தேன். முதல் சந்திப்பு என்பதால் பவுடரைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொண்டேன். துவைத்த வேட்டி. பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி ஷெட் வாசலில் போய் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் பாலை நகர்த்தி வைத்தேன். குட்டி பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டியது. என்னைப் பார்த்தது. இரண்டு தும்மல் போட்டது. பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

வெட்கப்படுகிறது என்று முடிவு செய்தேன்.

தினமும் கிண்ணத்தை ஒரு சாண் உள்ளே தள்ளினேன். தினமும் அது ஒரு சாண் பின்வாங்கியது. எங்களுக்கு நடுவில் இருந்த தூரம், நானே அளவு வைத்துக் கடைந்தது போலத் துளியும் மாறவில்லை. நான் எழுந்து உள்ளே போன பிறகுதான் பாலைக் குடிக்கும்.

"இன்னா மாமே, பூன மடில ஒக்காந்துச்சா?" என்பான் பக்கத்து லேத்துக்காரன்.

"இன்னும் ரெண்டு நாள்."

"நேத்தும் ரெண்டு நாள்னுதான சொன்ன?"

"அது நேத்து."

அவனுக்கே பரிதாபமாகி, ஐந்தாம் நாள் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தான். உள்ளே நெத்திலிக் கருவாடு. "இத்த வெச்சிப் பாரு. கூப்டாமயே வரும்" என்றான். எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. டிபன் பாக்ஸில் ஒளித்துக் கொண்டுபோய் ஷெட்டில் வைத்தேன். அவன் சொன்னது உண்மை. கூப்பிடாமலேயே வந்தன, குவார்ட்டர்ஸின் நான்கு தடிப்பூனைகள். எங்கள் குட்டி பயந்து ஷெட்டின் குறுக்குக் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் ஊருக்கெல்லாம் விருந்து வைப்பதை மேலிருந்து பார்த்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, என்ன இது, டிபன் பாக்ஸ்ல ஒரு வாடை?"

"லேத் எண்ணெய்."

"லேத்துல மீன் கடையறீங்களா?"

ஏழாம் நாள் பொறுமை போய்ப் பலத்தைப் பிரயோகித்தேன். ஒரு கோணியைத் தூக்கிக்கொண்டு பதுங்கிப் போய், கணக்குப் பார்த்து வீசினேன். குட்டி என் இரண்டு காலுக்கும் நடுவே ஓடியது. கோணி பிடித்தது என் மனைவியின் துளசித் தொட்டியை. தொட்டி ஒரு பக்கம் உடைந்தது. அதன்பின் குட்டி என்னைக் கண்டால் ஐந்து அடி தூரத்திலேயே சீற ஆரம்பித்தது. முன்னேற்றம் என்றால், உட்காராமல் சீறக் கற்றுக்கொண்டிருந்தது.

என் மனைவி இதிலெல்லாம் பட்டுக்கொள்ளவில்லை, அல்லது அப்படிக் காட்டிக்கொண்டாள். நான் தோற்றுத் திரும்பியதும் ஒரு தட்டில் தயிர்சாதம் கொண்டுபோய் ஷெட் ஓரம் வைத்துவிட்டு வருவாள். "மிச்சம்தான், வீணாப் போகுதேன்னு" என்பாள். எங்கள் வீட்டில் மிஞ்சின சாதத்தை யாரும் அப்படிக் குழையக் குழையப் பிசைந்து நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். மகள் தன் புத்தகப்பையை மட்டும் கட்ட விடவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்க இருந்து பூனையைப் பாத்துக்கறேன். அந்த மாமா நாய் வெச்சிருக்காருல்ல" என்றாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. எல்லாம் யோசித்து வைத்ததைச் சொல்வது போலச் சொன்னாள். கட்டி முடித்த மூட்டையை நான் மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். அஞ்சே நாள் என்று அவளிடம் சொன்னவன் நான்தானே.

பத்தாம் நாள் சனிக்கிழமை. எனக்கு அரை நாள் வேலை. பக்கத்து லேத்துக்காரன் லீவு போட்டுவிட்டு வண்டியோடு வந்திருந்தான். மதியச் சங்கு ஊதியதும் யூனிபாரத்தோடு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்தால், முக்கால்வாசிச் சாமான் வண்டியில் ஏறிவிட்டது. வழக்கம்போல் சந்து வழியாகப் பின்பக்கம் போய்க் குளியலறையைத் திறந்தேன். வாளி இல்லை. சொம்பு இல்லை. சோப்பு டப்பாவும் பவுடரும் இல்லை.

"எல்லாம் வண்டியில ஏத்தியாச்சு. கட்டிலுக்கு அடியில மாட்டியிருக்கு, இப்ப எடுக்க முடியாது" என்றாள் மனைவி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு. "இன்னிக்கு ஒரு நாள் அப்படியே வாங்க. அங்க போய்க் குளிச்சுக்கலாம். சாயங்காலம் அந்த நாய்க்காரர் வந்துடுவாரு, அதுக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணுங்க."

பின்படிக்கட்டில் மகள் புத்தகப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஷெட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்டியை எடுக்கிறேன் என்ற பெயரில் ஷெட்டுக்குள் போனேன். பால் இல்லை, கருவாடு இல்லை, கோணி இல்லை, எந்தத் திட்டமும் இல்லை. காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த கால் வலித்தது. தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினேன்.

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கால் வெளியே வந்தது. பிறகு மூக்கு. அது என் பேண்ட் ஓரத்தில், எண்ணெய் சொட்டிக் கறுத்துப்போயிருந்த இடத்தில் வந்து நின்றது. நான் சீறலுக்குத் தயாரானேன். அது மோந்து பார்த்தது. நெற்றியை என் கணுக்காலில் வைத்துத் தேய்த்தது. முழங்கால் வழியாக நகத்தைப் பதித்து ஏறி வந்து, சட்டை வயிற்றை முன்னங்கால்களால் மாவு பிசைவது போல மாறி மாறி அழுத்தியது. கடைசியில் மடியில் சுருண்டு படுத்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, லேத்தைக் குறைந்த வேகத்தில் ஓட விட்டது போல.

பத்து நாள் தவத்தின் பலன் மடியில் கிடக்கிறது, யாரையும் கூப்பிட்டுக் காட்ட முடியவில்லை. மூச்சு விடவே யோசித்தேன்.

முன்வாசலிலிருந்து குரல் வந்தது. "மாமே, உள்ள இன்னா பண்ற? மாடு நின்னுகினே கீது."

சற்று நேரத்தில் மனைவி திட்டிக்கொண்டே வந்தாள். "ஒரு பெட்டியை எடுக்க இவ்வளவு..." என்றவள் ஷெட் வாசலில் அப்படியே நின்றாள். அவள் பின்னால் மகள்.

"அப்பா, அசையாதீங்க."

"எங்க அசையறது? கால் மரத்துப்போச்சு."

மனைவி என் யூனிபாரத்தைப் பார்த்தாள். பெட்டியில் கிடந்த பழைய யூனிபாரங்களைப் பார்த்தாள். மூக்கிலிருந்த முந்தானையை எடுத்தாள்.

"இது பொறந்ததுலேர்ந்து உங்க சட்டை மேலதாங்க படுத்திருக்கு. அம்மா வாசனைக்கு அடுத்தது அதுக்கு இந்த வாடைதான். நீங்க தெனம் சந்தன சோப்பு போட்டுக்கிட்டு வேற யாரோ மாதிரிப் போய் நின்னா அது என்ன பண்ணும்?"

"நீதானே குளிக்கச் சொன்னே?"

"குளிக்கத்தான் சொன்னேன். மாப்பிள்ளை மாதிரி பவுடர் அடிச்சுக்கிட்டு அது முன்னால போய் உக்காரச் சொன்னேனா?"

அதற்குப் பிறகு அவள் செய்ததை இன்றும் நான் மறக்கவில்லை. பத்து வருஷமாக என் யூனிபாரத்தைக் குச்சியால் தூக்கி வாளியில் போடுகிறவள், பெட்டியில் இருந்ததிலேயே அழுக்கான ஒரு சட்டையைக் கையாலேயே எடுத்து, குட்டி மேல் பதமாகப் போர்த்தினாள். "அப்படியே சேர்த்துத் தூக்குங்க. கழுத்தை அழுத்தாதீங்க."

வண்டியின் பின்பக்கம், கட்டிலுக்கும் அம்மிக்கும் நடுவில் நான் குட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் புத்தகப்பையோடு பக்கத்தில் ஏறி, சட்டைக்குள் ஒரு விரலை மட்டும் விட்டு வைத்துக்கொண்டாள். வண்டி ஓட்டிய லேத்துக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"பரவால்ல மாமே, கடேசி நாள்ல சாதிச்சிட்ட."

"நான் எடுத்த வேலையை முடிக்காம விட்டதில்லை."

"முடிச்சது நீயா, ஒன் சட்டையா?" மூக்கை உறிஞ்சினான். "இந்த நாத்தத்துக்குப் பூனையாச்சும் வந்துச்சே. எம் மாடு மூஞ்சத் திருப்பிகினு கீது பாரு."

புது வீட்டில் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு துவைக்காத யூனிபாரச் சட்டைக்குக் கூடத்து மூலையில், பெஞ்சுக்கு அடியில், நிரந்தர இடம் கிடைத்தது. மாலையில் நான் வந்ததும் பின்படியில் கால் மணி நேரம் அழுக்கோடு உட்காரலாம். குட்டி வந்து மடியில் படுத்து எழுந்த பிறகு குளியல். ஒரு மாதத்தில் அது மகளின் மடிக்குப் போனது, பிறகு மனைவியின் மடிக்கு. அவர்கள் குளித்திருந்தாலும் அதற்கு ஆட்சேபம் இல்லை. என்னிடம் மட்டும் கொள்கையில் உறுதியாக இருந்தது. குளித்துவிட்டு வந்து கூப்பிட்டால், யாரோ விருந்தாளி என்பது போல ஒரு தும்மல் போட்டுவிட்டு என்னைக் கடந்து போகும்.

இதனால் வாரத்தில் ஆறு நாள்தான் எனக்குப் பூனை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிடுவதால், அன்றைக்கு முழுக்க அது என் மனைவி மடியில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டே புலம்பினேன். "பழக்கினது நான், பால் வெச்சது நான். மடி மட்டும் உனக்கு."

அவள் பூனையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அவ்வளவு ஆசையா இருந்தா, அடுத்த ஞாயித்துக்கிழமை குளிக்காம இருங்களேன்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குக் கொடுத்த முதல் விடுமுறை அது.