அல்சூரில் ஒரு மாற்றுச் சாவி

சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்குக் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் பெங்களூர் வண்டி ஏறினேன். தொண்ணூறு கிலோமீட்டர், டிக்கெட் நூறு ரூபாய் சொச்சம். ஊர் சுற்றிப் பார்க்கவோ புடவை எடுக்கவோ போகவில்லை. என் தங்கை கோகிலாவுக்கு வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கப் போனேன். அந்த ஊரில் வீடு தேடுவது எப்படி என்று போவதற்கு முன்னால் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனுவும் எழுதிக் கொடுப்பேன். அன்று கடைக்கு விடுமுறை. வீட்டுச் சாவியை வழக்கம்போல எதிர்வீட்டு வசந்தாக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். எங்கள் தெருவில் அப்படித்தான். சிலிண்டர் வந்தாலும் சொந்தக்காரர் வந்தாலும் வசந்தாக்கா கதவைத் திறந்துவிடுவார், ஃபேனைப் போட்டு உட்கார வைப்பார், மோர் கொடுப்பார். போன மாதம் கோகிலாவின் புருஷன் வந்தபோதும் அப்படித்தான் செய்தார்.

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கோகிலா அவனை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது. வரும்போது இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பெங்களூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை தேடிக்கொண்டு, பெண்கள் விடுதியில் தங்கினாள். விடுதி விலாசத்தை யாருக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த கூரியர் கவரில் அதை அவன் பார்த்துவிட்டான், வசந்தாக்கா கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே. அடுத்த வாரம் விடுதி வாசலில் போய் நின்று ஊரைக் கூட்டினான். உங்கள் குடும்பச் சண்டையெல்லாம் இங்கே வேண்டாம், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டார்.

வீடு கிடைக்காவிட்டால் கோகிலா வேலையை விட்டு ஊருக்கு வரவேண்டும். வந்தால், பெரியப்பா நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசி, அவளைத் தருமபுரிக்கு, அவனிடமே அனுப்பிவிடுவார். எங்கள் பக்கத்தில் அதற்குச் சமாதானம் என்று பெயர்.

சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி எட்டரைக்குச் சந்தாபுராவில் இறங்கினேன். அங்கே தேடலாம் என்பது என் யோசனை. ஓசூருக்குப் பக்கம், வாடகை குறைவு, டீக்கடையில்கூடத் தமிழ் பேசுகிறார்கள். ஏதாவது என்றால் இரண்டரை மணி நேரத்தில் நான் வந்துவிடுவேன். கோகிலா பேருந்து நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். இளைத்திருந்தாள். அதைச் சொன்னால் அழுதுவிடுவாள் என்று, "என்னடி இந்தச் சுடிதாரு, படுதா மாதிரி இருக்கு" என்றேன். சிரித்தாள்.

முதல் வீடு மெயின் ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே, ஒரு அபார்ட்மென்டின் மூன்றாவது மாடி. வாட்ச்மேன், கேமரா, லிஃப்ட் எல்லாம் உண்டு. வாடகை ஒன்பதாயிரத்து ஐநூறு. எனக்கு அங்கேயே பால் காய்ச்சிவிடலாம் போலிருந்தது. வீட்டுக்காரர் சேலத்துக்காரர், தன்மையாகப் பேசினார்.

"சார் எங்க வேலை செய்றாரும்மா?" என்று கோகிலாவைக் கேட்டார்.

"நாங்க பிரிஞ்சிருக்கோம் சார். நான் மட்டும்தான்."

அவர் முகத்தில் தன்மை அப்படியே இருந்தது. "அசோசியேஷன்ல ஃபேமிலிக்கு மட்டும்தான்னு ரூல்மா. என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, தானே லிஃப்ட் பட்டனையும் அழுத்தி எங்களை வழியனுப்பி வைத்தார்.

ஆனேக்கல் சாலையில் பார்த்த இரண்டாவது வீட்டில் அம்மணி படியிலேயே நிறுத்தி விசாரித்தார். தனியாக இருக்கும் பெண் என்றதும், "நாளைக்கு ஏதாவதுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். என்ன ஆகிவிடும் என்று நான் திருப்பிக் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோகிலா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இங்க கிடைச்சாலும் கஷ்டம்தான்க்கா. பொம்மசந்திரா போயி மெட்ரோ ஏறி, ரெண்டு எடத்துல மாறி, லேபுக்குப் போகவே ரெண்டு மணி நேரம் ஆவும். நைட்டு இந்த இருட்டுச் சந்துல நான்தான் நடக்கணும், உன் கேமராவா நடக்கும்?"

அவள் சொன்னது சரிதான். நான் எனக்குப் பக்கமாகத்தான் வீடு தேடியிருக்கிறேன்.

லேபுக்குப் பக்கத்தில் அல்சூரில் ஒரு டு-லெட் பலகை பார்த்ததாகச் சொன்னாள். போவதற்கு முன் டீ குடித்தோம். பக்கத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். உள்ளே வளையல் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாருடைய கழுத்திலும் கருகமணி. அந்த ஊரில் கல்யாணமான பெண்ணுக்கு அதுதான் அடையாளம். எனக்கு உடனே மூளை வேலை செய்தது. மனுவில் எந்த இடத்தில் எதை எழுதினால் ஆபீசர் கையெழுத்துப் போடுவார் என்று தினமும் பார்க்கிறவள் நான். கவரிங் கருகமணிச் செயின் ஒன்றை நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கினேன்.

"புருஷன் மஸ்கட்ல இருக்காருன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

கோகிலா செயினை வாங்கிக்கொண்டாள். பிளேட் வைத்த கையால் கொக்கியை மாட்ட அவளுக்கு வரவில்லை. குனிந்து கழுத்தைக் காட்டினாள், நான் மாட்டிவிட்டேன். கஷ்டப்பட்டுக் கழற்றி வந்ததை நானே திரும்பவும் மாட்டுகிறேன். ஆனாலும் வீடு வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணிவாக்கில் அல்சூர் மெட்ரோவில் இறங்கி, ஏரிப் பக்கம் போகும் ஒரு சந்தில் நுழைந்தோம். கோயில், பூக்கடை, பிரியாணிக் கடை, முனையில் இஸ்திரி வண்டி என்று சந்து நிறைய ஆட்கள். ஆறு வீடு கொண்ட பழைய கட்டடம். கீழே சரோஜம்மா என்கிற வீட்டுக்கார அம்மாள். அறுபது வயதிருக்கும், தனியாக இருக்கிறார். மூன்று தலைமுறையாக அல்சூர் தமிழர்கள். தெருவில் காய்காரனிடம் கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டே எங்களிடம் தமிழுக்குத் தாவினார்.

"பர்லி, பர்லி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே இருக்கட்டும்."

முதல் மாடியில் ஒரு ஹால், சமையலறை, குளியலறை. வாடகை பதின்மூன்றாயிரம், அட்வான்ஸ் ஐந்து மாதம். காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. நான் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன், குளியலறை ஜன்னல் வழியாகக் கை நுழைகிறதா என்று பார்த்தேன், படிக்கட்டின் இரும்பு கேட்டை இரண்டு முறை பூட்டித் திறந்தேன். கோகிலா உள்ளே நின்று கதவைச் சாத்தி, பார்வைத் துளையில் கண்ணை வைத்து வெளியே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"வீட்டுக்காரரு?" என்றார் சரோஜம்மா.

"மஸ்கட்ல" என்று நான் முந்திக்கொண்டேன். "வருஷத்துக்கு ஒருக்கா லீவுல வருவாரு."

அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே போய் இரண்டு சாவிகளைக் கொண்டுவந்தார். "ஒண்ணு உனக்கும்மா. இன்னொண்ணு என்கிட்ட இருக்கும். உன் வீட்டுக்காரரு திடீர்னு வந்து நின்னா, நீ டியூட்டியில இருந்தாக்கூட சும்னே வாசல்ல காயவேணாம். கோகிலாவோட வீட்டுக்காரன்னு சொன்னா அஷ்டே, அது போதும், நானே திறந்து உக்கார வெச்சு காபி குடுக்கறேன். நீ பயப்படவே பயப்படாத."

கிருஷ்ணகிரியிலிருந்து தப்பித்து வந்து, அதே எதிர்வீட்டுச் சாவியை நானே இங்கேயும் ஏற்பாடு செய்திருக்கிறேன். கையில் வீடு, மாதக் கடைசிக்கு நாலே நாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அட்வான்ஸைக் கொடுப்போம் என்று சத்தியமாக நினைத்தேன். கோகிலா அப்படி நினைக்கவில்லை.

"ஆன்ட்டி, அவரு மஸ்கட்ல இல்ல. தருமபுரியில இருக்காரு. நான் அவருகிட்ட இருந்து வந்துட்டேன்." கையை நீட்டித் தழும்பைக் காட்டினாள். "நீங்க கதவு திறக்கக் கூடாத ஆள் அவருதான்."

சொல்லிக்கொண்டே செயினை இழுத்துக் கழற்றி டீப்பாயில் வைத்தாள். கொக்கிப் பக்கத்தில் நூற்றெண்பது என்ற விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சரோஜம்மா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ பெரியவதானே? பொய் சொல்லி வீட்டுக்குள்ள வந்தா, நாளைக்கு நான் யாருக்குத் திறக்கறேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார். முடிந்தது, செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நான் பையை எடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"போட்டோ இருக்கா?"

"யாரோடது ஆன்ட்டி?"

"அவனுதுதான். ஆளு தெரியாம நான் யாரை வேணாம்னு நிறுத்தறது?"

கோகிலா எல்லாவற்றையும் எப்போதோ அழித்துவிட்டிருந்தாள். என் செல்போனில் ஒரு கல்யாணப் போட்டோ இருந்தது. மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தான். சரோஜம்மா விரலால் பெரிதாக்கி, நெற்றி, மீசை, காது எல்லாம் பார்த்தார். தன் நம்பருக்கு அனுப்பச் சொன்னார். முனையில் இஸ்திரி போடுகிறவருக்கும் காட்டி வைப்பதாகச் சொன்னார்; தான் கோயிலுக்குப் போகும்போது கேட்டை அந்த இஸ்திரிக்காரர்தான் பார்த்துக்கொள்வாராம். பிறகு இரண்டு சாவியையும் கோகிலாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"ரெண்டும் நீயே வெச்சுக்கோ. அட்வான்ஸ்ல ஒரு ரூபாகூட குறைக்க மாட்டேன், கேக்காத. கருவாடு மட்டும் வேணாம், மாடியில இருந்து வாசனை இறங்குது."

"எனக்குக் கருவாடு பிடிக்காது ஆன்ட்டி" என்றாள் கோகிலா. அது பச்சைப் பொய். அந்த வீட்டில் சொன்ன பொய்களில் அதை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலை விடுதியிலிருந்து இரண்டு பெட்டிகளை ஆட்டோவில் கொண்டுவந்தோம். மூன்று கிலோமீட்டருக்கு நூற்றைம்பது கேட்டார் ஆட்டோக்காரர். புது வீட்டுக்குப் போகிறோம் என்றதும் நூற்றிருபதுக்கு இறங்கினார். சரோஜம்மா கொடுத்த அடுப்பில் பால் காய்ச்சினோம். மத்தியானம் நான் கிளம்பியபோது கோகிலா படிக்கட்டு கேட் வரை வந்தாள். நான் சந்தில் இறங்கியதும் உள்பக்கம் பூட்டும் சத்தம் கேட்டது. தங்கை என்னை வெளியே விட்டுக் கதவைப் பூட்டியதற்கு அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஓசூர் தாண்டும்வரை வெளியே வெறித்துக்கொண்டே வந்தேன். எங்கள் தெருவில் எனக்குப் பெருமை அதிகம். யாரும் யாரையும் வாசலில் நிற்க வைக்க மாட்டார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன். பெங்களூரில் பக்கத்து வீட்டுக்காரன் முகமே தெரியாது என்றும் சொல்லியிருக்கிறேன். யாரோ சொல்லக் கேட்டுப் பேசிய பேச்சு அது. போய்ப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

ஆறு மணிக்கு வீட்டு வாசலில் நின்றபோது வசந்தாக்கா சாவியோடு ஓடிவந்தார்.

"வீடு கிடைச்சுதா? எங்க? மாப்ள வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

அவர் நல்லவர். கோகிலாவுக்குக் கட்டுப் போட்டிருந்தபோது ஒரு மாதம் தலை வாரிவிட்டவர். சாவியை வாங்கிக்கொண்டு, செல்போனை எடுத்து அந்தக் கல்யாணப் போட்டோவை அவர் முன்னால் நீட்டினேன்.

"இந்த ஆளு வந்தா கதவைத் திறக்கக் கூடாதுக்கா."

வசந்தாக்கா போட்டோவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்டி, இது நம்ம மாப்ளதானே? எனக்கு ஆளு தெரியாதா?"

"தெரியும்க்கா. அதனாலதான் காட்டறேன்."