போர்த்திய பாதி

ஜூன் 20 – வெள்ளைச் சாமந்தி நாற்று: 2,400
செப்டம்பர் 4 – தோட்டத்து பல்பு, ஒயர், கூலி: 640
அக்டோபர் 6 – கறுப்புத் துணி, மூங்கில் கழி: 1,850
டிசம்பர் 1 – வரவு: 4,500. பேசியது 9,000.

அவளை எல்லோரும் கத்தரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் பூ வெட்டும் கத்தரி இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. வெயில் காலத்தில் ஜினியா, மழை விட்டதும் ஆஸ்டர், பனி தொடங்கினால் சாமந்தி என்று வீட்டுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பயிரிட்டு, வாரம் இரண்டு தடவை பெரிய தங்கும் விடுதிக்குக் கொண்டுபோவாள். விடியற்காலையில் வெட்டி, உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தி, அங்கே போனதும் அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைச் சாய்வாக இன்னொரு தடவை நறுக்கிச் சாடியில் வைப்பாள். பழைய தண்ணீரைக் கொட்டிச் சாடியைத் தேய்த்துக் கழுவுவதும் அவள்தான். பத்தொன்பது வருடமாக இதே வேலை. முழங்கால் இரண்டும் இப்போது அவள் பேச்சைக் கேட்பதில்லை.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் விடுதியில் ஒரு மாநாடு. மேடை, மேஜை எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சாமந்தி வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"இது நல்லபடியா முடிஞ்சா அடுத்த வருஷ ஒப்பந்தமும் உங்களுக்குத்தான்கா. இல்லேன்னா முதலாளிகிட்ட நான் வாயே திறக்க முடியாது."

செப்டம்பரில் அவள் புருஷன் இருட்டில் தடுக்கி விழுந்தார். பஸ் ஓட்டியவர், பக்கவாதம் வந்த பிறகு இடது காலை இழுத்துத்தான் நடப்பார். கழிப்பறையோ தோட்டத்தின் கோடியில் இருந்தது. அறையிலேயே ஒரு சட்டி வைக்கிறேன் என்றதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் பாத்திகளுக்கு நடுவே கம்பம் நட்டு ஒரு பல்பு போட்டாள். அது ராத்திரி முழுக்க எரிந்தது.

அக்டோபர் பிறந்தும் மொட்டைக் காணோம். செடிகள் தளதளவென்று இலையாகவே வளர்ந்தன.

"அண்ணி, பேசாம கீரைன்னு சொல்லி வித்துருங்க" என்றாள், பார்க்க வந்த நாத்தனார்.

தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில் மட்டும் மிளகளவு மொட்டுகள். கத்தரி அக்கா அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு பல்பை அண்ணாந்து பார்த்தாள். பகல் குறுகி இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு விடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒற்றை பல்பு என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டாள்.

"பல்பை அணைச்சிடட்டுமா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அணைச்சுக்கோ. நான் விழுந்தா தூக்கிப் பாத்தியிலயே நட்டுரு."

"உங்களை நட்டா முள்ளுதான் மொளைக்கும்."

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இருட்டுல காலை எடுத்து வைக்கவே பயமா இருக்கும்மா" என்றார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. அன்று ராத்திரியும் பல்பு எரிந்தது.

மறுநாள் கறுப்புத் துணி வாங்கி வந்து கழி நட்டாள். பொழுது சாயும்போது செடிகளைப் போர்த்தி, விடிந்ததும் துணியை எடுத்து உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் தேங்கி இலை கருகிவிடும். தினமும் இதைச் செய்ய, பாதிப் பாத்திகளுக்கு மேல் அவள் தோள் இடம் கொடுக்கவில்லை. மேனேஜரிடம் அப்போதே சொல்லிவிட்டாள்.

நவம்பர் கடைசியில் போர்த்திய பாதி வெள்ளை வெளேரென்று பூத்தது. மீதிப் பாதி பச்சையாகவே நின்றது. மேடைக்குப் பூ போதும், மேஜைகளுக்கு இல்லை.

"என்னக்கா இது?" என்றார் மேனேஜர்.

"பாதிதான் வரும்னு சொன்னேனே சார்."

"நீங்க பாதின்னா முக்கால்வாசியாவது வரும்னு இருந்தேன்."

"வீட்ல ஒரு விளக்கு சார். அணைக்க முடியல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை. காலி வாளிகளை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அடுத்த வருடத்துக்கு வேறு இடத்தில் பூ வாங்கிக்கொள்வதாக விடுதியிலிருந்து கடிதம் வந்தபோது, அவள் மீதிச் செடிகளைப் பிடுங்கி எருக்குழியில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன்தான் படித்துக் காட்டினார். மடித்து உறையில் போட்டுவிட்டு, "எல்லாம் என் கால் பண்ணுன வேலை" என்றார்.

"காலை விடுங்க. பல்பு மினுக்மினுக்குங்குது, மாத்தணும்" என்றாள் அவள், மண்ணை உதறியபடி.

டிசம்பர் 18 – தோட்டத்து பல்பு: 90