கவிதாவின் பையில் வைத்த செங்கல்

லடாக்கின் பாலைவனப் பள்ளத்தாக்கில் ஐந்து நாள் நடக்க வேண்டும் என்பது கவிதாவின் ஆசை. கருமத்தம்பட்டியில் என்னோடு வேலை பார்த்தவள். வழியில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதுவரை விசாரித்துத் திட்டம் போட்டதும் அவள்தான். ஆனால் மெதுவாக நடப்பாள். அவளால் எங்கள் நால்வரின் பயணமே கெட்டுவிடும் என்று எனக்குப் பயம். அதை நேரில் சொல்லத் துணிவில்லை.

பயிற்சிக்காகச் சுமையோடு ஓதிமலைப் படியேறிய அன்று, அவளுக்குத் தெரியாமல் அவள் பையின் அடியில் இரண்டு செங்கல்லை வைத்தேன். பாதியிலேயே சோர்ந்துபோய் அவளாக விலகிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளோ உச்சிவரை ஏறிவிட்டாள். இறங்கும்போதுதான் சறுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்து அலறினாள். மற்ற இருவரும் ஆள் கூப்பிட ஓடினார்கள். நான் முதலில் அவள் பையைத் திறந்து, அவள் கண்ணில் படாமல் செங்கல்லைப் புதருக்குள் வீசினேன். அப்புறம்தான் அவள் காலைப் பார்த்தேன்.

"என்னாலதானுங்க்கா எல்லாருக்கும் தொந்தரவு. நீங்க மூணு பேரும் போய்ட்டு வந்துருங்க," என்று அழுதாள்.

"சரி கண்ணு," என்றேன்.

போய் வந்தோம். கவிதா இன்றும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். "ஓதிமலைக்கே எனக்குத் தெம்பு பத்தலைங்க, இதுல லடாக் வேற," என்று தன்னையே கேலி செய்துகொள்வாள். பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.