கஞ்சி குடித்த தோல் கோட்டு

காஞ்சிபுரத்து வெயிலில் தோல் கோட்டு போடுகிறவன் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை பாடகனாக இருக்க வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். எங்கள் தெருப் பையன்கள் சேர்ந்து நடத்திய மெல்லிசைக் குழுவில் எனக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிற வேலை. அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெரிய பெயர் சொன்னார்கள். பார்க்கிறவர்களுக்கு என்னவோ அழுகிற பிள்ளைக்கு வேடிக்கை காட்டுகிறவன் மாதிரிதான் தெரிவேன். மைக் முன்னால் நின்று ஒரு பாட்டாவது பாடிவிட வேண்டும் என்ற ஆசை என்னைச் சோறு தின்ன விடவில்லை.

கிடார் யாருடையதோ அவன்தான் குழுவுக்குத் தலைவன். ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயில் எதிரில் கச்சேரி என்று முடிவானதும் அவனிடம் போய் நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கொரலு பரவால்லபா. ஆளுதான் ரேஷன் கடை கியூவுல நிக்கிறவன் மாதிரி இருக்குற. ஸ்டைலா எதுனா போட்டுக்கினு வா, ஒரு பாட்டு தர்றேன்."

அந்த ஞாயிறே மெட்ராஸுக்கு பஸ் ஏறினேன். மூர் மார்க்கெட்டில் பழைய துணிக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு தோல் கோட்டைத் தோண்டி எடுத்தேன். காப்பிக் கொட்டை நிறம். என்னைப் போல இன்னொருவனையும் உள்ளே குடிவைக்கலாம். எந்த வெள்ளைக்காரன் போட்டதோ, அவன் செத்திருந்தாலும் அவன் வியர்வை சாகவில்லை. "ஃபாரின் சரக்கு" என்றார் கடைக்காரர். நாற்றத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா பட்டு நெய்கிறவர். எங்கள் வீட்டில் செருப்பு வாசல்படி தாண்டாது, தறிப் பக்கம் தோல் என்ற பேச்சே கிடையாது.

"செருப்பையே உள்ள வுட மாட்டேன். நீ முழு மாட்டையும் தோள்ல போட்டுக்கினு வர்றியா?" என்றார்.

கோட்டு பின்பக்கம் கிணற்றடிக் கொடிக்குக் குடிபோனது.

அக்கா தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைக்கிறவள். கத்தரிக்கோல் கைக்கு வந்துவிட்டால் இரக்கம் பார்க்க மாட்டாள். இடுப்போடு நறுக்கிவிடலாம், காலரைத் தூக்கலாம், கையைச் சிக்கென்று பிடிக்கலாம் என்று கோட்டைச் சுற்றி வந்து திட்டம் போட்டாள். ஆனால் தோல் காய்ந்து வறட்டி மாதிரி கிடந்தது. மடித்தால் மொறமொறத்தது. அதை எப்படிப் பதப்படுத்துவது?

எங்கள் வீட்டில் முரண்டு பிடிக்கிற எதற்கும் வைத்தியம் ஒன்றுதான், அரிசிக் கஞ்சி. தறியில் ஏற்றுகிற பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி வெயிலில் காயவிட்டால் எப்பேர்ப்பட்ட நூலும் சொன்ன பேச்சைக் கேட்கும். நூலுக்கு ஆகிறது தோலுக்கு ஆகாதா என்ற கேள்வியை முதலில் கேட்டது நான் என்று அக்கா சொல்வாள். அவள்தான் என்று நான் சொல்வேன். இன்றுவரை தீர்ப்பு இல்லை.

கோட்டுக்கு உள்ளும் புறமும் கஞ்சி ஊட்டி, தெருவில் இரண்டு முளைகளுக்கு நடுவில் கைகளை விரித்து இழுத்துக் கட்டினோம். சாயங்காலம் அவிழ்த்தால் கைகள் கீழே இறங்கவில்லை. சுவரில் சாய்த்தால் தானாகவே நின்றது, யாரையோ கட்டிப்பிடிக்கப் போகிற மாதிரி. ஒரு ஆடு வந்து அதன் வயிற்றை நக்கியது. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "யாருமா அது, ஒறவுக்காரரா? உள்ள கூப்ட்டு ஒக்கார வைக்கக் கூடாதா?" என்றாள். தெருவே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. என் பாட்டோ சுவரில் விறைத்துக்கொண்டு நின்றது.

அக்கா அசரவில்லை. கஞ்சியைக் கழுவினாள். முழங்கைப் பக்கம் தோல் வெடித்திருந்தது. இரண்டு கைகளையும் தோளோடு வெட்டி எறிந்தாள்.

"கை இல்லன்னா இன்னாடா? இதான் புது ஸ்டைலுன்னு சொல்லு. எவனுக்குத் தெரியப்போவுது?"

என் உடம்பளவுக்குப் பிடித்துத் தைக்கப் போனால், தையல் மெஷின் ஊசி முதல் தையலிலேயே முறிந்தது. செருப்புத் தைக்கிறவரிடம் குத்தூசி இரவல் வாங்கி வந்து, ஓட்டை போட்டுப் போட்டுக் கையாலேயே தைத்தாள். சாதாரண நூல் அறுந்தது. அறுபடாத நூல் எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. தறியில் மிஞ்சிய பட்டு இழைகளை முறுக்கித் தைத்தாள். அதோடு விட்டாளா? கீழ் விளிம்பைச் சுற்றி அரக்குச் சிவப்பில் ஒரு ஜரிகைக் கரைத் துண்டையும் வைத்துவிட்டாள்.

அப்பா பார்த்துவிட்டார். சாமிக்குச் சாத்துகிற பட்டு மாட்டுத் தோலில் ஏறியிருக்கிறது. இடி விழப்போகிறது என்று நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம். அவர் குனிந்து, கையால் தொடாமல், கண்ணாலேயே கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சேலையின் உடலும் கரையும் சேருகிற இடத்தைக் கோர்வை என்போம். அதில் மயிரிழை பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

"கோர்வ கோணலா இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா ராவோடு ராவாகப் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

கச்சேரியன்று விளக்கு வைக்கிற நேரம். கோட்டை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் கோயில் தர்மகர்த்தா மேடையேறி வந்துவிட்டார்.

"அம்மன் எதிர்ல தோலப் போட்டுக்கினு நிக்கிறியா? கழட்டுடா!"

கழற்றலாம். உள்ளே இருந்தது பொத்தல் பனியன். கிடார்காரன் என் முகத்தைப் பார்க்காமல் கிலுகிலுப்பையை என் கையில் திணித்தான். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து அப்பா எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர்.

"ஐயா, ஒரு சந்தேகம். காலையிலேருந்து அம்மன் எதிர்ல தவில் அடிச்சிக்கினு இருக்காங்களே, அது இன்னா கத்திரிக்காத் தோலா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மண்டபத்து ஓரம் உட்கார்ந்திருந்த தவில்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று தவிலை மடிக்கு இழுத்துக்கொண்டார். தர்மகர்த்தா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பாடித் தொல" என்று இறங்கிப் போனார்.

பாடித் தொலைத்தேன். இரண்டாவது சரணம் மறந்துபோய், முதல் சரணத்தையே இரண்டு தடவை பாடினேன். உள்ளே வியர்வை ஆறாக ஓடியது. முன்வரிசைப் பெண்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, டியூப்லைட்டில் மின்னிய கரையைத்தான் பார்த்தார்கள். போகட்டும், எனக்கு அன்று உலகமே என் காலடியில்தான்.

வீட்டுக்குத் திரும்புகையில் அப்பா முன்னால் நடந்தார். எட்டி நடந்து சேர்ந்துகொண்டேன். எனக்காக இவர் எழுந்து நின்றாரே என்றுதான் சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வேறு கேட்டேன்.

"எப்டிப்பா இருந்துச்சி?"

"பாட்டா?"

"ஆமாம்பா."

தெருமுனை திரும்புகையில் கோட்டின் கரையை ஒரு பார்வை பார்த்தார்.

"கோர்வ நேரா இருந்துச்சி" என்றார்.

பின்னால் வந்த அக்கா, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.