கட்டம் கட்டிப் பட்ட அவமானங்கள்

டி.டி.பி. வேலையில் எழுத்துப் பிழைக்கான பழியை வாடிக்கையாளரின் கையெழுத்து மேல் போட்டுத் தப்பிக்கலாம். டேபிள், அதாவது கட்டம் கட்டிய பட்டியல், கோணலாகப் போனால் பழி போட ஆளே கிடையாது. தொண்ணூறுகளில் மைசூர் தேவராஜ மொஹல்லாவில், நஞ்சுண்டப்பா என்பவரின் சின்ன டி.டி.பி. சென்டரில் தமிழ் வேலைகளுக்கு ஆபரேட்டராக இருந்தேன். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் புரோகிராம் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் உங்களில் இருந்தால், மேற்கொண்டு நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டுச் சிரிக்க மாட்டீர்கள்.

ஸ்பேஸ் பார்

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே கட்டம் மாதிரி நிறுத்திவிடலாம். கம்ப்யூட்டரிலும் அதையே செய்தேன். பெண்கள் ஹாஸ்டல் ஒன்றின் மெஸ் மெனு, ஏழு நாளைக்கும் மூன்று வேளைக்கும். திரையில் அணிவகுப்பு மாதிரி நின்றது.

பிரிண்ட் எடுத்தால் 'ர' ஒல்லி, 'ண' குண்டு. வரி வரியாகச் சரிந்து உப்புமா ஒரு பக்கம், சப்பாத்தி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அவசரத்தில் நான் கவனிக்காமல் கொடுத்ததைச் சுவரில் ஒட்டியும்விட்டார்கள். மறுநாள் வார்டன் அம்மா அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து, கடையில் நாலு பேர் நிற்கும்போதே கேட்டார்: "செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாடு புதன்கிழமைக்குப் போயிடுச்சேம்மா, அன்னிக்கு என் பொண்ணுங்க எல்லாம் பட்டினியா?"

டேப்

அதன் பிறகு கீபோர்டில் டேப் என்கிற கட்டையைக் கற்றுக்கொண்டேன். ஒரு தட்டு தட்டினால் அடுத்த கட்டத்துக்குத் தாவும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கு, வரவேற்பறையில் மாட்டுவதற்கு பஸ் நேரப் பட்டியல் கேட்டார்கள். ஊர், காலை, மாலை என்று மூன்று பத்தி. ஹனூருக்கு நேர் பஸ் சாயங்காலம் ஐந்தரைக்கு மட்டும்தான், காலையில் கிடையாது. அந்தக் காலிக் கட்டத்துக்கும் ஒரு டேப் தட்டவேண்டும் என்பதை மறந்துவிட்டேன். ஐந்தரை நகர்ந்து காலைக்குக் கீழே போய் உட்கார்ந்தது.

அதை நம்பி ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, பனியில் விடியற்காலையே போய் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறது. லாட்ஜ் மேனேஜர் கன்னடக்காரர், எனக்காகத் தமிழில்தான் பேசுவார், 'என்ன' மட்டும் 'ஏனு' என்றே வரும். சத்தம் போடவில்லை. பட்டியலை என் மேஜை மேல் மெதுவாக வைத்துவிட்டுச் சொன்னார்: "பஸ் லேட்டா, இல்ல உங்க போர்டு சீக்கிரமான்னு கெஸ்ட் கேட்கிறாரு, நான் ஏனு சொல்லட்டும்?"

டேபிள் எடிட்டர்

டேபிள் போடுவதற்கென்றே தனியாக ஒரு புரோகிராம் உண்டு என்று என்னோடு வேலை செய்த ஷைலஜா கண்டுபிடித்தாள். அதில் கோடு போட்டு, கட்டம் கட்டி, முடித்ததை ஒரு படமாகக் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டலாம். எவ்வளவு அழகு! கொள்ளேகாலிலிருந்து வந்த பட்டு வியாபாரி ஒருவருக்குச் சேலை ரகங்களையெல்லாம் அப்படியே கட்டம் கட்டிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு ரகம் சேர்க்கவேண்டும் என்றார்.

சேர்த்தால் பக்கத்தில் இடம் போதவில்லை. திரும்பவும் முதலிலிருந்து போட சோம்பல். படம்தானே என்று மூலையைப் பிடித்து உள்ளே தள்ளினேன். இடம் சரியாகிவிட்டது, ஆனால் எழுத்தெல்லாம் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தது மாதிரி மெலிந்து நீண்டுவிட்டது. பஸ் பிடித்து வாங்க வந்த மனிதர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, சீலையத்தான் இழுத்துப் பாத்து வாங்குவாங்க, நீங்க எழுத்தையே இழுத்துப் போட்டிருக்கீங்களே!"

நாலு வழி

ஒரு நாள், கணிதத்தில் ஆராய்ச்சி செய்யும் பையன் ஒருவன், ஆய்வேட்டுக்கு டேபிள் போடுவீர்களா என்று விசாரிக்க வந்தான். "எங்ககிட்ட நாலு விதமா போடலாம்" என்று பெருமையாக விரலை மடக்கினேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். தன் கல்லூரியில் ஒரு மென்பொருள் இருக்கிறது, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு குறியைப் போட்டால் போதும், எங்கே நிறுத்துவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றான். கற்றுக்கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போகும்போது சொன்னான்: "நாலு வழி இருக்குன்னா, ஒண்ணும் சரியில்லைன்னுதானே மேடம் அர்த்தம்?"

தனித்தனிப் பத்தி

அந்த நாலாவது வழிதான் என்னைக் கவிழ்த்தது. ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவது. வேகமான வேலை. எங்கள் பேட்டை இளைஞர் சங்கத்தார் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் அச்சடிக்க வந்தார்கள். பெயரும் தெருவும் ஒரு பத்தி, ரத்த குரூப் இன்னொரு பத்தி. புரூஃப் சரியாகவே இருந்தது. "எழுத்து கொஞ்சம் பெரிசா இருக்கட்டும் கோமதி" என்றார் நஞ்சுண்டப்பா. பெரிசாக்கினேன். நடுவில் ஒரு நீளமான பெயர் இடம் போதாமல் இரண்டு வரியாக உடைந்தது. அதற்குக் கீழே இருந்த எல்லாப் பெயர்களும் ஒரு வரி இறங்கின. குரூப் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசிப் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லாததை நான் பார்த்தேன். பார்த்து, அவருக்குத் தன் குரூப் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. பட்டியலைப் பார்த்துக்கொண்டு அந்தப் பெண்ணின் புருஷன் முருகனிடம் ஓடினார். முருகன் கட்டட வேலையில் பெயிண்டர், சேலத்துக்காரர். "எனக்கு பி பாசிட்டிவ்ங்க" என்று அவர் சொல்ல, இவர் பட்டியலைக் காட்ட, தெருவே கூடிவிட்டது. கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கே இழுத்துப் போய், டெஸ்ட் எடுத்த பிறகுதான் அவர் சொன்னது நிஜம் என்று தெரிந்தது. அதற்குள் சங்கத்துப் பையன்கள் உண்மையான ஓ நெகட்டிவைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தச் செய்தி வரும்வரை நான் கீபோர்டில் கை வைக்கவில்லை.

பழைய பட்டியலைத் திரும்ப வாங்கிப் புதியதைக் கொடுக்க நானே வீடு வீடாகப் போனேன். முருகன் வீட்டு வாசலில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் புதுப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே விரலை ஓட்டிப் பார்த்தார். உள்ளே திரும்பி, "இந்தா, வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "பரவால்ல விடுங்கம்மா, ரத்தம் குடுக்க பயந்துதான் பொய் சொல்றேன்னு இவளே நெனச்சுட்டா, அது ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா போச்சு."

டேபிள் போட எது நல்ல வழி என்று இப்போது யாராவது கேட்டால், அச்சான பிறகு வாடிக்கையாளர் கண்ணில் படாமல் வீட்டுக்குப் போக ஒரு நல்ல வழியை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.