சலீமின் பெயரில் கிடந்த பிழை

போன வெள்ளிக்கிழமை காலை. வேங்கிக்காலில் உள்ள எங்கள் எடைக்கருவிப் பட்டறையில், நான் ஒற்றைக் கையால் லாரியைத் தூக்கி எடை சொன்ன வீர வரலாற்றைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். லாரி தரையிலிருந்து அரையடி எழும்பியபோது போன் அடித்தது. சலீமின் மனைவி ஷாஹிதா. "அண்ணே, உங்க மாப்ளே போயிட்டாருண்ணே" என்றாள். மாரடைப்பு. லாரியை அந்தரத்திலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

நண்பர்களே, எங்களைத் தெரிந்த உங்களுக்கு இந்த 'மாப்ளே' புதிதல்ல. அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். ரத்த உறவு எதுவுமில்லை. இருபது வருடம் பக்கத்து மேசை, அவ்வளவுதான். நான் மின்பலகைகளை வடிவமைப்பவன். ஆசியக் கண்டத்திலேயே என்னை விஞ்ச ஆளில்லை என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டவன். எடையை வாங்கி அனுப்பும் சீரியல் போர்ட் சிப் ஒன்று பலகையில் இருக்கும். அதுவும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள டிரைவர் என்று ஒரு புரோகிராம் வேண்டும். அதை எழுதுபவன் சலீம்.

ஒரு முறை புது சிப் ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன். "ஒரு வாரம் ஓட்டிப் பாத்துடலாம் மாமா" என்றான். "டேய், என் கண்ணுல பட்டாலே சிப்பு நடுங்கும்டா. அதுக்கு எதுக்கு ஒரு வாரம்?" என்று சொல்லி, சோதிக்காமலே முந்நூறு பலகைகளில் பொருத்திவிட்டேன்.

அந்த சிப்புக்கு ஒரு கோளாறு. எடைமேடையிலிருந்து எடையின் ஒவ்வோர் இலக்கமும் வந்து சேர்ந்ததும் கம்ப்யூட்டருக்கு அது குரல் கொடுக்க வேண்டும். சில சமயம் கொடுக்காது. அதற்குள் அடுத்த இலக்கம் வந்து முந்தையதை அழித்துவிடும்.

கீழ்பென்னாத்தூர் எடைமேடையில் அது வெளிப்பட்டது. டிராக்டரிலிருந்து இறங்கிய விவசாயி என் சட்டையைப் பிடிக்காத குறை. "யோவ், நாலு டன் கடலய ஏத்தினு வந்தா நானூறு கிலோன்னு காட்டுது. மீதிய உங்க மெஷினு வறுத்துத் தின்னுச்சா?" எங்கள் முதலாளியும் வந்திருந்தார். "யார் தப்புய்யா இது?" என்றார். நாள் முழுக்க ஓயாத என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சலீம் ஓரடி முன்னால் வந்தான். "டிரைவர்ல பிசகு சார். நான் எழுதுனதுதான். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்து எழுதினான். சிப் குரல் கொடுக்கும் என்று இனி டிரைவர் காத்திருக்காது. கண்ணிமைப்பதற்குள் பல தடவை தானே போய் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று நான் அந்த சிப்பின் ஏழு தலைமுறையையும் சபித்துக்கொண்டிருந்தேன். "திட்டாத மாமா. எந்த எடத்துல தடுக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அந்த எடத்துல நாம கை குடுத்துக்கலாம்" என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன்டா உன் தலைல போட்டுக்கிட்ட?"

"சிப்புன்னு சொன்னா முந்நூறு பலகையும் குப்பைக்கு, நீயும் வீட்டுக்கு. டிரைவர்னா நாலு வரி. எது கம்மியோ அதச் சொன்னேன். ஜன்னல சாத்து மாமா, தூசி வருது."

கம்மியாக முடியவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பிரிவுத் தலைவர் பதவிக்கு ஆள் தேடியபோது, முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சலீம் கெட்டிக்காரன்தான். ஆனா கீழ்பென்னாத்தூர் மாதிரி மறுபடி ஆச்சுன்னா?" அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், பதவியை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி சொல்வதற்கு. எனக்கு மாலை வாங்கி வந்தவனே அவன்தான். "இந்த சைஸ் மாலையத் தாங்கற கழுத்து ஜில்லாவுலயே உனக்குத்தான் மாமா" என்று போட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தது நான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு அவனைத் தூக்கிப் போனோம். நானும் தோள் கொடுத்தேன். பத்தடிகூட நடக்க முடியவில்லை. பின்னால் வந்தவரிடம் தோள் மாற்றிவிட்டு, வெயிலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் வீட்டுக்குப் போனபோது ஷாஹிதா கேட்டாள். "அண்ணே, வேலைல ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டாருன்னு சொல்வாங்களே. பெரிய பொண்ணு கேக்கறா. அவருகிட்ட எப்பக் கேட்டாலும் சிரிச்சுட்டுப் போயிடுவாரு. அப்படி என்னதாண்ணே பண்ணாரு?"

வீடு நிறைய ஆட்கள். பொய் என்றால் எனக்குக் கடலளவு வரும். அன்று ஒரு சொட்டு உண்மை வரவில்லை. "அழாதம்மா" என்றேன். அவள் அழவே இல்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி, அன்று சொல்லாததை இத்தனை பேர் முன்னால் எழுதுகிறேன். அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை. சிப்பைத் தேர்ந்தெடுத்தது நான். சோதிக்காதது நான். பேச வேண்டிய இரண்டு இடத்திலும் பேசாமல் நின்றது நான். முதலாளியிடம் நேற்று சொல்லிவிட்டேன். டிரைவரின் தலைப்பில் 'பிழை: சலீம்' என்று அவன் எழுதி வைத்திருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அதன் கீழே அவன் எழுதிய வரிகளைத் தொடவில்லை. எந்த எடைமேடையிலும் அவை இன்றுவரை ஓர் எண்ணைத் தவறவிட்டதில்லை. உன் பெண்ணிடம் இதைப் படித்துக் காட்டு.

நண்பர்களே, அவன் சிரிப்பு, பொறுமை, கெட்டிக்காரத்தனம் எல்லாவற்றையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பங்கு கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பழியை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள். அது என்னுடையது.