ஜெர்சி மட்டும் வேண்டுமாம்

இன்று காலை நந்திதுர்க் மைதானத்தில் எங்கள் பையன்கள் ஃபுட்பால் டீமுக்குக் கோச் யார் என்று முடிவு செய்யக் கமிட்டி கூடியது.

கோவா, கொல்கத்தா, ஷில்லாங் என்று ஊர் ஊராக டிஃபெண்டராக ஆடிவிட்டுத் திரும்பியிருக்கும் கௌதமன் அண்ணன் அந்த வேலையைக் கேட்டிருந்தார்.

"எந்த டீமும் அவன வெச்சிக்கலையே. இங்க மட்டும் நிப்பானா இன்னா?" என்றார் தலைவர்.

கான்ட்ராக்ட் முடிந்தால் அடுத்த டீம். இதுகூடத் தெரியாத கமிட்டி!

"நீங்க போட்டிருக்கிற ஜெர்சி யார் குடுத்தது அங்கிள்?" என்று கேட்டேன்.

"அவன்தான். அதுக்கின்னா இப்போ?"

கமிட்டியில் ஐந்து பேர். ஐந்து பேர் உடம்பிலும் அண்ணன் கொடுத்த ஜெர்சி, ஐந்து வெவ்வேறு டீம்.

"கழட்டி வெச்சிட்டு ஓட்டு போடுங்க" என்றேன்.

ஒருவரும் கழற்றவில்லை. முடிவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் அண்ணன் கொடுத்த ஜெர்சி இருக்குமே? ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் எடுத்து இங்கே போடுங்கள், கமிட்டி பார்க்கட்டும்; கரித்துணியாகியிருந்தாலும் பரவாயில்லை.